தானாகக் காற்றடிக்கும் டயர்

பைக் ஷோரூம் முதலாளி தாமோதரன், தானாகவே காற்று நிரப்பிக்கொள்ளும் டயர் செட்டுகளை வாங்கிக் குவித்துவிட்டார். விலையோ பாதி பைக் விலை. ஒருத்தரும் சீந்தவில்லை.

"இன்னைக்கு ஒண்ணாவது வித்தாகணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" கடை நிறைய ஆள் இருக்கும்போதே விற்பனைப் பெண் செல்வமேரியிடம் கத்தினார்.

"சரிங்க சார், சாவி குடுங்க. முதல் செட்டை உங்க வண்டியில மாட்டிடலாம். முதலாளியே ஏன் மாட்டலைன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க."

"எனக்கு எதுக்கும்மா இந்தத் தண்டச் செலவு? பெட்ரோல் போடறப்போ பங்க்லயே ஓசியில காத்தடிச்சுக்கறேன்!"

கடையே சிரித்தது.

"கஸ்டமருங்களும் அதையேதான் சார் சொல்றாங்க. அதுக்கு என் வேலை போகணுமா?"

மறுநாள் செல்வமேரி எப்போதும்போல் வேலைக்கு வந்தாள். வாங்கிய கம்பெனிக்கே திரும்பிப் போனது டயர் செட்டுகள்தான்.