படம் முடிகிற இடம்

திருநெல்வேலிப் பக்கம் முதுகு வலி என்றால் டாக்டர் கோமதிநாயகத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். ஐம்பத்துமூன்று வயது. இருபத்தாறு வருஷமாக முதுகெலும்பு ஆபரேஷன் செய்து கை பழுத்தவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மதுரைக்குப் போய், டாக்டர் ஜெமீலாவிடம் சிஷ்யராகச் சேர்ந்துவிட்டார்.

ஜெமீலாவுக்கு முப்பத்தெட்டு வயதுதான். எம்.ஆர்.ஐ. படம் பார்ப்பது தொழில். ஒரு மருத்துவக் கல்லூரியின் கீழ்த்தளத்தில் ஆராய்ச்சி ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளையும், வட்டை ஒட்டிய எலும்புகளையும் படமெடுத்துப் பார்ப்பது. எந்தப் படத்துக்காரருக்கு வலி இருக்கும், எவருக்கு இருக்காது என்று தேடுவது.

“நரைச்ச தலையோட அந்தப் பொண்ணுகிட்ட பாடம் கேக்கப் போறீரா?” என்று கூட்டாளி டாக்டர்கள் கிண்டலடித்தார்கள். கோமதிநாயகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஊரில் வேலை, மூன்று நாள் மதுரையில் படிப்பு. போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் ஆவுடையம்மாள்.

ஆவுடையம்மாள் முக்கூடலில் பீடி சுற்றுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் முதுகில் கெட்டுப்போன வட்டு ஒன்றை கோமதிநாயகம் அறுத்து எடுத்தார். ஆபரேஷன் கச்சிதமாக முடிந்தது. தையலும் ஆறியது. வலி மட்டும் இம்மியும் நகரவில்லை.

வேறு வழி தெரியாமல் இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. இந்தத் தடவை ஸ்குரூ போட்டு மூன்று எலும்புகளை ஒன்றாகப் பூட்டிவிடுவது. நாள் குறித்தவரும் கோமதிநாயகம்தான், குறித்ததிலிருந்து சோறு இறங்காமல் தவித்தவரும் அவர்தான். மறுபடி அறுத்து மறுபடி வலித்தால் அந்த அம்மாள் எங்கே போவார்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆவுடையம்மாளின் படத்தைக் கொண்டுவந்து ஜெமீலாவின் மேஜையில் வைத்தார்.

“மேடம், ஒரே ஒரு கேள்வி. இந்தப் படத்துல வலி எங்கே இருக்கு?”

ஜெமீலா படத்தைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

“அதுல அறுபது பேரோட முதுகு இருக்கு சார். பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். பாதிப் பேர் வலின்னு வந்தவங்க, மீதிப் பேர் வலியே இல்லாதவங்க. யாருக்கு வலி, யாருக்கு இல்லைன்னு எழுதிக் குடுங்க. அப்புறம் இதைப் பார்ப்போம்.”

“திங்கட்கிழமை ஆபரேஷன் மேடம்.”

“இன்னிக்குச் செவ்வாய்தானே சார்.”

கோமதிநாயகத்துக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அவருக்கே அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. நல்ல வட்டு படத்தில் வெளுப்பாகத் தெரியும், காய்ந்துபோனது கறுத்துவிடும். எலும்பில் வீக்கம் இருந்தால் அங்கே வெள்ளையாகத் திட்டு விழும். இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு நம்பருக்கும் நேரே எழுதிக்கொண்டே போனார். சில நம்பர்களுக்குக் கேட்காத வைத்தியமும் சேர்த்து எழுதினார்.

புதன்கிழமை மத்தியானம், பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்ட மிதப்போடு தாள்களை நீட்டினார். ஜெமீலா தன்னிடமிருந்த பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

“அறுபதுல முப்பத்தொண்ணு சரி சார்.”

காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். கோமதிநாயகத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

“நாப்பத்தேழாம் நம்பருக்கு என்ன எழுதியிருக்கீங்க? படிங்க சார்.”

கோமதிநாயகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“கடைசி ரெண்டு வட்டும் காய்ஞ்சு கறுத்திருக்கு. ஒட்டியிருக்கிற எலும்பு வீங்கியிருக்கு. இந்த ஆளால அரை மணி நேரம் சேர்ந்தாப்பல நிக்க முடியாது. தாமதிக்காம ஆபரேஷன் செய்யணும்.”

“போன சனிக்கிழமை ஆபரேஷன் தியேட்டர்ல எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“ஏழு மணி நேரம் இருக்கும். ஏன் மேடம்?”

“முதுகு வலிச்சுதா?”

“எனக்கா? முதுகு வலின்னு நான் ஒரு நாள் படுத்தது கிடையாதே.”

ஜெமீலா பெயர்ப் பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்த ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும், அவர் டாக்டரானாலும் சரி, தரை துடைக்கிறவரானாலும் சரி, முதல் நாள் அந்த மெஷினுக்குள் ஒரு தரம் படுத்து எழுந்திருக்க வேண்டும். அவர்கள் படமும் நம்பராகி மற்றப் படங்களோடு சேர்ந்துவிடும். கோமதிநாயகமும் படுத்திருந்தார். மெஷின் போட்ட சத்தத்தில் ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டார். அதோடு அதை மறந்தும் போனார்.

பட்டியலில் நாற்பத்தேழுக்கு நேரே அவர் பெயர் இருந்தது.

கோமதிநாயகம் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தனக்குத் தானே ஆபரேஷன் எழுதிக்கொண்ட டாக்டர் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா? பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. ஆவுடையம்மாளின் வட்டும் இப்படித்தான் கறுத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் கத்தியை எடுத்தார்.

“அப்ப படம் பொய் சொல்லுதா மேடம்?”

“உங்க வட்டு கறுத்திருக்கு. அது நிஜம். வலிக்குதுன்னு அது எப்ப சொல்லிச்சு?”

“பின்னே யாரைக் கேக்கிறது?”

“அந்தம்மாவை நாளைக்கு வரச் சொல்லுங்க சார்.”

வியாழக்கிழமை காலை ஆவுடையம்மாளும் அவர் கணவர் நம்பிராஜனும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார்கள். நம்பிராஜன் கையில் ஸ்கேன் உறைகள் ஐந்து இருந்தன. ஐந்தையும் ஜெமீலாவிடம் நீட்டினார். ஜெமீலா வாங்கி அலமாரி மேல் வைத்தார். பிறகு மேஜையிலிருந்த திரையை அணைத்தார். அந்த அறையில் அந்தத் திரை அணைந்து கோமதிநாயகம் பார்த்ததே இல்லை.

“எப்பம்மா வலிக்கும்?” என்று கேட்டார் ஜெமீலா.

ஆவுடையம்மாள் விழித்தார். கணவரைப் பார்த்தார், கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

“எங்கன வலிக்குன்னு கேக்கியளா?”

“எங்கேங்கிறது அப்புறம். எப்ப வலிக்கும்?”

“காலையில எந்திக்கும்போதுதான் டாக்டரம்மா. ஒடம்பு கட்டையாட்டம் கெடக்கும். செவத்தப் பிடிச்சித்தான் எந்திப்பேன். பொறவு தண்ணியெடுத்து, சோறு பொங்கி, நடமாட நடமாடச் சரியாப் போவும். ஒரு எடத்துல உக்காந்து பீடி சுத்துனா திரும்பப் பிடிச்சிக்கிடும்.”

“படுத்து ஓய்வெடுத்தா?”

“படுத்தாத்தான் கூடுது. எல்லாரும் படு படுன்னுதான் சொல்லுதாவ.”

வட்டினால் வரும் வலி பெரும்பாலும் வேலை செய்தால் ஏறும், படுத்தால் இறங்கும். இந்த அம்மாளுக்கு எல்லாமே தலைகீழாக இருந்தது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகூட இதைக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொள்ளும். இரண்டு வருஷத்தில் ஆவுடையம்மாள் அவரிடம் பதினான்கு தடவை வந்திருக்கிறார். வந்ததும் படத்தை நீட்டுவார். இவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தப் படத்தோடேயே பேசி அனுப்பிவிடுவார்.

“இப்ப எங்கேன்னு காட்டுங்கம்மா.”

ஆவுடையம்மாள் தழும்பு இருந்த பக்கமே போகவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் இன்னும் கீழே இறக்கி, இடுப்பெலும்பு தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் அழுத்திக் காட்டினார்.

ஜெமீலா திரையைப் போட்டு, பழைய படங்கள் ஐந்தையும் ஒவ்வொன்றாக ஏற்றினார். ஐந்தும் முதுகெலும்பை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிட்டன. ஆவுடையம்மாள் கை வைத்த இடம் ஒன்றில்கூட இல்லை. முதுகு என்று எழுதிக் கொடுத்தார்கள், முதுகை மட்டும் எடுத்தார்கள்.

ஆவுடையம்மாள் மறுபடி மெஷினுக்குள் படுத்தார். இந்தத் தடவை முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டைப் படமெடுத்தார்கள். மூட்டின் இரண்டு பக்கமும் எலும்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

“மூட்டு வாதம்” என்றார் ஜெமீலா. “ரத்தமும் பார்த்துடலாம். வாத நோய் டாக்டர்கிட்ட நானே பேசறேன். மாத்திரை இருக்கு, உடற்பயிற்சி இருக்கு. நல்லா ஆகும்.”

“இதுவும் படம்தானே மேடம்? இதை மட்டும் எப்படி நம்பறது?”

“கேட்டுட்டு எடுத்த படம் சார்.”

“அப்ப திங்கட்கிழமை?”

“எதுக்கு சார்?”

அந்த அம்மாள் இன்னொரு கத்தியிலிருந்து தப்பினார் என்று ஒரு பக்கம் கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இன்னொரு பக்கம் வெளியே போகப் பயமாக இருந்தது. வெளியே உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாளிடம் என்ன சொல்வது?

“மேடம், நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்.”

ஜெமீலா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிப் போய் ஆவுடையம்மாளின் எதிரில் போட்டார்.

“உக்காந்து சொல்லுங்க சார். நின்னுக்கிட்டே சொன்னா சீக்கிரம் முடிச்சிடத் தோணும்.”

கோமதிநாயகம் உட்கார்ந்தார்.

“ஆவுடையம்மா, நான் எடுத்த வட்டு கெட்டதுதான். ஆனா ஒங்க வலி அதுலருந்து வரல. அது வேற எடத்துலருந்து வருது. அன்னைக்கே ஒங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் கேக்கல. தப்பு என்மேலதான்.”

நம்பிராஜன் ஓர் அடி முன்னால் வந்தார்.

“அப்பம் சும்மாவா அறுத்தீரு?”

“ஆமா” என்றார் கோமதிநாயகம்.

ஆவுடையம்மாளின் கை தன்னால் பின்பக்கம் போய்த் தழும்பைத் தடவியது. திட்டட்டும் என்று கோமதிநாயகம் காத்திருந்தார். நாலு வார்த்தை திட்டிவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று பட்டது. ஆவுடையம்மாள் அவர் பக்கமே திரும்பவில்லை. கணவரைப் பார்த்தார்.

“கேட்டீயளா? வேலைக்குப் பயந்து நடிக்கான்னு ஒங்க அம்மை சொல்லும்போதெல்லாம் வாயப் பொத்திக்கிட்டுத்தான இருந்தீய? இப்பமாவது தெரியுதா, என் வலி நெசந்தான்னு?”

நம்பிராஜன் தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியுது ஆவுடை” என்றார்.

ஆவுடையம்மாள் அழுதார். இரண்டு வருஷ அழுகை, லேசில் நிற்கவில்லை. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“அறுத்ததுக்குக் கோவம் இருக்கு சார். இல்லாம எப்படி இருக்கும்? ஆனா மத்த டாக்டர்மாரெல்லாம் ஒனக்கு ஒண்ணுமில்ல போன்னு வெரட்டிட்டாவ. நீங்க ஒராள்தான் விடாமத் தேடுனீய. நீங்க நல்லா இருக்கணும்.”

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். நம்பிராஜன் அவர் கையைப் பிடித்து மெதுவாக அழைத்துக்கொண்டு போனார். கோமதிநாயகம் வாசல் வரைக்கும் அவர்கள் கூடவே போனார். ஆட்டோ ஏறும் வரைக்கும் நின்றார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. வருத்தத்தில் வந்த கண்ணீரா, நன்றியில் வந்த கண்ணீரா என்று கேட்டிருந்தால் அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜெமீலா அடுத்த படத்தைத் திரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“மேடம், அந்தம்மாவுக்கு நான் குடுத்தது ஒரு தழும்பு. அவங்க எனக்கு நன்றி சொல்லிட்டுப் போறாங்க. எந்த முகத்தோட நான் இதை வாங்கிக்கிறது?”

ஜெமீலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வாங்கி வெச்சுக்காதீங்க சார். வெளியே பெஞ்சுல முதுகு வலின்னு பதினோரு பேர் உக்காந்திருக்காங்க. அவங்களுக்குக் குடுத்துடுங்க.”