கொடிக்கால் வீட்டுச் சண்டை

முன்னொரு காலத்தில் மஞ்சநாட்டைக் குமாரபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் தும்மல் வந்தால் ஒரு சட்டம், விக்கல் வந்தால் ஒரு சட்டம் என்று போட்டுக்கொண்டே இருப்பார். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர். அவர் கையிலிருந்து ஒரு பொம்மையைக்கூட யாரும் பிடுங்கியதில்லை. அதனால் சண்டைச் சத்தம் கேட்டாலே அவருக்குத் தலைவலி வந்துவிடும். ஒருநாள், "கூடப்பிறந்தவர்கள் சண்டை போடும் வீட்டில் நடுவே சுவர் வை, சொத்தைப் பங்கு போடு" என்று ஆணையிட்டார்.

அதைக் கேட்டு வாயெல்லாம் பல்லானவர் அரண்மனைப் பண்டகசாலை அதிகாரி மல்லப்பர். அவர் தோட்டத்தை ஒட்டி ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. தாய் தகப்பன் இல்லாத நான்கு பிள்ளைகள் அதைப் பார்த்து வந்தார்கள். மூத்தவள் செங்கமலம், அடுத்து வேலப்பன், அவனுக்கு அடுத்து சடையன், கடைக்குட்டி பூவாயி. ஒருத்தர் தண்ணீர் இறைக்க, ஒருத்தர் கொடி கட்ட, ஒருத்தர் இலை கிள்ள, ஒருத்தர் அடுக்க, நாலு பேரும் சேர்ந்தால்தான் கொடிக்கால் பிழைக்கும். பிரித்தால் பட்டுப்போகும். பட்டுப்போனால் சும்மா வளைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று மல்லப்பருக்கு நெடுநாள் ஆசை.

ராஜாவிடம் போய் வத்தி வைத்தார். "அந்த வீட்டுச் சண்டை மூணு தெருவுக்குக் கேக்குது மகாராஜா."

அது பொய்யில்லை. விடிந்தால் சண்டை, அடைந்தால் சண்டை. ஆனாலும் நாலு பேரில் ஒருத்தர் வீடு திரும்பாமல் மற்ற மூவரும் சோற்றில் கை வைத்ததில்லை. சபைக்கு வரச் சொல்லி ராஜா ஆளனுப்பினார். நாளைக்கு நாலு அடுப்பு, நடுவில் சுவர் என்பது செங்கமலத்துக்கு ஒப்பவில்லை. "சபையில யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று வழிநெடுகச் சொல்லியே கூட்டிக்கொண்டு போனாள். மூன்று தலைகளும் சமர்த்தாக ஆடின.

ராஜா கேட்டார்: "நீங்க சண்டை போடறது உண்டா?"

செங்கமலம் பதில் சொல்வதற்குள் பின்னால் கசகசவென்று சத்தம். அவர்கள் அப்பா விட்டுப்போனது பட்டுக்கரை போட்ட ஒரே ஒரு துண்டு. அதை ஆளுக்கு ஒருநாள் போட்டுக்கொள்வார்கள்.

"நேத்தும் நீதான்டா போட்டே, கழட்டு" என்றான் வேலப்பன்.

"நேத்துப் போட்டது கணக்கில்ல. மழை பெஞ்சுது, வெளியவே போகல" என்றான் சடையன்.

"திருட்டுப் பயலே!"

"நீ மட்டும் யோக்கியமோ?"

ராஜா தலையைப் பிடித்துக்கொண்டார். மல்லப்பர் மீசையைத் தடவினார். "கண்ணாலேயே பாத்தீங்களே மகாராஜா. கொத்தனாரைக் கூப்பிடட்டுமா?"

செங்கமலம் ஓரடி முன்னால் வந்தாள். அவள் இந்த மூன்று பேரையும் வளர்த்தவள். அவர்கள் குணம் அவளுக்குத் தெரியாதா?

"ராஜா, சண்டை போடறது நிஜம்தான். மல்லப்பர் ஐயா பெரியவங்க, அவங்களே இதுக்குத் தீர்ப்புச் சொல்லட்டும். யார் பக்கம் வேணும்னாலும் பேசட்டும். எங்கள்ல ஒருத்தராவது அவங்க பேச்சைக் கேட்டு 'பிரிச்சு விடுங்க'ன்னு சொன்னா, சுவருக்கு முதல் கல்லை நானே எடுத்து வைக்கிறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று மல்லப்பர் எழுந்தார். வேலப்பன் தோளில் கை போட்டார். "நீ சொல்றதுதான் நியாயம் தம்பி. உன் தம்பி சுத்தத் திருடன். பிரிஞ்சு வா, கிணத்தடிப் பங்கு உனக்குத்தான்."

வேலப்பன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். "யாரைத் திருடன்னு சொல்றீரு? நான் சொல்லுவேன், அவன் என் தம்பி. நீரு யாரு சொல்றதுக்கு?"

மல்லப்பர் சட்டென்று சடையன் பக்கம் சாய்ந்தார். "பாத்தியா தம்பி, உன் அண்ணன் எப்பேர்ப்பட்ட முரடன்னு."

"எங்க அண்ணனைப் பத்திப் பேசாதீங்க" என்று சடையன் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

சபையில் சிரிப்பு கிளம்பியது. வேர்த்து விறுவிறுத்த மல்லப்பர், தாம் மடியில் வைத்திருந்த எள்ளுருண்டையை எடுத்துப் பூவாயியிடம் நீட்டினார். "கண்ணு, அவங்க மூணு பேரும் மோசம். இது உனக்கு மட்டும்."

பூவாயி அதை வாங்கினாள். மல்லப்பர் மறுபடி மீசையைத் தடவினார். சின்னவள் நேரே சடையனிடம் போய்த் துண்டின் நுனியை இழுத்து, அதில் உருண்டையைச் சுற்றி, நறுக்கென்று காக்காக் கடி கடித்தாள். உருண்டை நாலாக உடைந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

"அது என்னது, துணிக்குள்ள வச்சுக் கடிக்கிறே?" என்று ராஜா சிங்காதனத்தை விட்டே இறங்கி வந்துவிட்டார்.

"காக்காக் கடி. எச்சில் படாது. உங்களுக்கு யாரும் தந்ததில்லையா?"

"தர யாரும் இல்லியேம்மா" என்றார் ராஜா.

பூவாயிக்குப் பாவமாக இருந்தது. தன் பங்கை மறுபடி சுற்றிக் கடித்து இரண்டாக்கினாள். ராஜா பெரிய துண்டை எடுக்கப் போனார். அவள் அவர் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். "அது எனக்கு."

சபை விறைத்துப் போனது. ராஜா கையைப் பார்த்தார், சின்னத் துண்டை எடுத்து வாயில் போட்டார், கண் கலங்கச் சிரித்தார்.

"என் ஆணை முட்டாள் ஆணை. செங்கமலம், இனிமேல் அரண்மனைக்கு உங்க வெத்தலைதான். ஆனா கொத்தனாரைக் கூப்பிடட்டுமான்னு ஒருத்தர் கேட்டாரே. மல்லப்பரே, உம்ம தோட்டத்துக்கும் இவங்க கொடிக்காலுக்கும் நடுவுல ஓராள் உசரத்துக்கு ஒரு சுவர், உம்ம செலவுல. கல் சுமக்கிறதும் நீர்தான்."

ஆளுக்கு ஒரு பட்டுத் துண்டும் கொடுத்து அனுப்பினார். நாலு பேரும் வாசலைக்கூடத் தாண்டவில்லை. "கழட்டுடா", "மாட்டேன்டா" என்று சத்தம். புதுத் துண்டு நாலும் செங்கமலத்தின் கையில் சும்மா கிடக்க, சண்டை அப்பாவின் துண்டுக்குத்தான்.

"கேட்டீங்களா மகாராஜா" என்று மல்லப்பர் துள்ளி எழுந்தார்.

"கேட்டேன். போய்த் தீர்த்து வச்சிட்டு வாரும்" என்றார் ராஜா.

மல்லப்பர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

அன்றைக்குக் கடைசியில் அந்தத் துண்டை யார் போட்டுக்கொண்டு போனார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த வீட்டு வழக்கில் வாய் கொடுக்க நான் ஒன்றும் மல்லப்பர் இல்லை.