பொண்ணு இன்னும் பொறக்கலை

கோணவலசில் யாரும் யாரையும் முட்டாள் என்று திட்ட மாட்டார்கள். அவ்வளவு மரியாதையான ஊரா என்று கேட்காதீர்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் மைவிழிக்கும் பூபதிக்கும் கல்யாணம் முடிவாகி இருந்தது. வைகாசியில் மண்டபம்கூடப் பிடித்தாயிற்று. பூபதியின் அம்மா பாவாத்தாள் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். நாச்சிமுத்து அண்ணன் தம்பிகள் கம்ப்யூட்டரில் பொருத்தம் பார்த்துச் சொல்ல வேண்டும். அது சரியில்லை என்றால் காங்கயத்தில் பூபதிக்கு ஓர் அத்தை மகள் தயாராக இருக்கிறாள்.

நாச்சிமுத்து, குப்பண்ணன், சென்னியப்பன் மூன்று பேருக்கும் ஜாதகம் தெரியாது. ஜாதக சாஃப்ட்வேர் தெரியும். அதை வைத்து ஒரு ஜாதக நிலையமே நடத்தினார்கள். அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர் புகைவிட்டுச் செத்துப்போக, புதிது வாங்கினார்கள். புதிதில் அந்த சாஃப்ட்வேர் ஓடமாட்டேன் என்றது. ஈரோட்டிலிருந்து ரகுபரன் என்ற பையன் வந்து, புதுக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் பழைய கம்ப்யூட்டர் மாதிரியே ஒன்றை ஓடவிட்டான். பெட்டி கிடையாது, கம்பி கிடையாது, எல்லாம் வெறும் புரோகிராம். அப்போதும் சாஃப்ட்வேர், கெடு முடிந்துவிட்டது என்று அடம்பிடித்தது. சரி போ என்று கட்டத்துக்குள் மட்டும் வருஷத்தை இரண்டாயிரத்து ஒன்றுக்குத் தள்ளி வைத்தான்.

"உள்ள இருக்கறது இது ரெண்டாயிரத்தொண்ணுன்னு நம்பிட்டு இருக்கு. தேதியைத் தொட்டுறாதீங்க, படுத்துரும். வெளிய இருக்கற எதையும் உள்ள விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

அன்றைக்கே சுவரிலிருந்த காலண்டர் இறங்கியது. வருகிறவர்களின் செல்போனை வாசலிலேயே வாங்கி ஒரு குண்டாவில் போட்டார்கள். இந்த மாதிரி போனைப் பார்த்தால் உள்ளே இருப்பது மிரண்டுவிடுமாம். நரை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று குப்பண்ணன் தலைக்கு மை அடித்துக்கொண்டார். சென்னியப்பனுக்குக் கல்யாணம் ஆனது இரண்டாயிரத்து நாலில். அதனால் அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு நிலையத்திலேயே பாய் விரித்தார். அவர் மனைவி ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மைவிழி, பூபதியோடும் பாவாத்தாளோடும் போய்ச் சேர்ந்தாள்.

பூபதி பிறந்தது தொண்ணூற்றெட்டு. சாஃப்ட்வேர் ஏற்றுக்கொண்டது. மைவிழி பிறந்தது இரண்டாயிரத்து மூன்று. கட்டம் சிவந்தது. இந்தத் தேதி இனிமேல்தான் வரும் என்றது.

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மிணி, மனசைத் தேத்திக்கோ. நீ இன்னும் பொறக்கலை."

"அப்ப இங்க உக்காந்திருக்கறது யாருங்க?"

"அது வெளிய. நாங்க உள்ள இருக்கறதைத்தான் சொல்ல முடியும்."

குப்பண்ணன் விரல்விட்டு எண்ணினார். "அண்ணா, பையனுக்கு மூணு வயசு. பொண்ணு பொறக்கவே இல்லை. இதுக்குப் பொருத்தம் பாத்தா குழந்தைக் கல்யாணம்னு போலீஸ் வரும்."

"வந்தா யாரைப் பிடிக்கும்?" என்றார் நாச்சிமுத்து.

"பொறந்தவங்களைத்தான் பிடிக்கும்."

பூபதி தன் நாற்காலியை மைவிழியிடமிருந்து மெதுவாக நகர்த்திப் போட்டுக்கொண்டான். இவனுக்காகத்தான் அவள் வீட்டில் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள்.

ரகுபரனைக் கூப்பிடுங்கள் என்றாள் மைவிழி. அவன் இப்போது ரெண்டாப்பு படிக்கிறான், பள்ளிக்கூட நேரத்தில் கூப்பிட்டால் வாத்தியார் அடிப்பார் என்றார்கள். அவள் வெளியே போய்க் குண்டாவிலிருந்த தன் போனை எடுத்து, அதிலேயே பொருத்தம் போட்டுப் பார்த்தாள். பத்துக்கு எட்டு. திரையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் இரண்டு பேர் பாய்ந்து கம்ப்யூட்டரின் மேல் துண்டைப் போர்த்தினார்கள். நாச்சிமுத்து தன் கண்ணையும் மூடிக்கொண்டார்.

காங்கயத்துப் பெண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வயது. "அவ பொறந்தாவது இருக்கறா" என்று பெருமூச்சு விட்டாள் பாவாத்தாள்.

நான் பிறக்க என்னதான் வழி என்று மைவிழியே கேட்கும்படி ஆகிவிட்டது.

சென்னியப்பன் நெடுநேரம் யோசித்தார். அவளுடைய அப்பா தங்கமுத்து, அம்மா மயிலாத்தாள் ஜாதகங்களை வாங்கிவரச் சொல்லிப் போட்டுப் பார்த்தார். பத்துக்கு ஒன்பது. "முதல்ல இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணத்தைப் பண்ணி வைப்போம். மத்தது தானா நடக்கும்."

சேதி வீட்டுக்குப் போனது. வீட்டில் யாராவது ஒருவர் சிரிப்பார்கள் என்று மைவிழி காத்திருந்தாள். தங்கமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "பொண்ணு வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அடுப்படியிலிருந்து மயிலாத்தாள், "அவரு குணம் எப்படின்னு நல்லா விசாரிச்சீங்களா?" என்றாள்.

வைகாசியில் வேறு மண்டபம் கிடைக்கவில்லை. மைவிழிக்காகப் பிடித்திருந்த மண்டபத்தில், மைவிழிக்கு எடுத்த சேலையில் மயிலாத்தாள் மணமேடை ஏறினாள். இந்தக் கூத்து முடிந்து தொலையட்டும், அடுத்தது நம்முடையது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்த மைவிழியை, பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்ற குப்பண்ணன் மறித்தார்.

"நீ உள்ள வரக்கூடாது அம்மிணி. கல்யாணத்துக்கு முந்தியே இத்தனை பெரிய புள்ளைன்னா உங்க அம்மா பேரு என்னாகறது?"

சுற்றிக்கொண்டு போய்ப் பந்தி நடக்கிற பக்கத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். குழந்தைகள் வரிசையில் பூபதி உட்கார்ந்திருந்தான். மீசை வைத்த ஆளுக்கு முன்னால் அரை இலை. கழுத்தில் துண்டு கட்டிவிட்டிருந்தார்கள். காரம் ஆகாது என்று ரசத்தைக்கூட ஊற்றவில்லை; பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து கொடுத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பக்கத்து இடத்தில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தான்.

"நம்ம கல்யாணம் என்னடா ஆச்சு?" என்றாள் மைவிழி.

"உனக்குத்தான் இடம் பிடிச்சு வச்சிருக்கறேன் புள்ள" என்றான் பூபதி, வாய் நிறையச் சோற்றோடு. "சட்டுனு பொறந்துட்டு வா. பாயாசம் தீந்துரும்."