பிரேக் எந்தக் காலில்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை.

எனக்குச் சொன்னவர் பூங்கோதை அம்மாள். கதையில் வருகிற மனைவியும் அவர்தான். பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

அவருடைய கணவர் தெய்வசிகாமணி, கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த சாமியம்மாவைத் தேடிப் போனார். மனைவியையும் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில். சாமியம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரைக் கேட்காமல் தெய்வசிகாமணி எதிலும் இறங்குவதில்லை.

"எந்த வண்டி வாங்கட்டுங்கம்மா? பழசா, புதுசா?"

சாமியம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தெய்வசிகாமணி விவரத்தைச் சொன்னார். இளமையில் அவர் ஓட்டியது பழைய புல்லட். அதில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்போதைய வண்டிகளில் இது அப்படியே மாறியிருக்கும். ஒருநாள் நண்பருடைய புது வண்டியை இரவல் வாங்கி, மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். திருப்பத்தில் லாரி வந்தது. பழக்கத்தில் இடது காலை அழுத்தினார். கியர்தான் மாறியது. வண்டி நிற்கவில்லை.

பூங்கோதை இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அன்றோடு தெய்வசிகாமணி வண்டியைத் தொடவில்லை.

இப்போது மறுபடி ஓட்டச் சொல்வது பூங்கோதைதான். அதுதான் கணவருக்குத் தாங்கவில்லை.

"பழசு என் காலுக்குத் தெரியும். ஆனா பிரேக் மெதுவாத்தான் பிடிக்கும். புதுசு சொன்ன இடத்துல நிக்கும். ஆனா என் கால் மறுபடி ஏமாத்திட்டா? இன்னொரு தடவை இவளைக் கீழே போட்டா நான் உயிரோட இருக்க மாட்டேங்கம்மா."

"காலுக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு. ரெண்டா வாங்கிடுங்களேன்."

பூங்கோதை சிரித்துவிட்டார். கணவர் சிரிக்கவில்லை.

வெளியே பருத்த புளியமரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. சாமியம்மா தெய்வசிகாமணியை அதன்மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொன்னார். பின்னால் பூங்கோதை ஒருபக்கமாக உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணை மூடிக்குங்க. இது புது வண்டி. மலை ஏறுங்க."

அவர் ஏறினார். வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்தார்.

"லாரி."

இடது கால் போய் மண்ணை மிதித்தது.

அவர் முகம் செத்துப்போயிற்று. மறுபடி ஏறினார். மறுபடி லாரி. மறுபடி இடது கால். சாமியம்மா அலுக்காமல் லாரி விட்டுக்கொண்டே இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, இடது காலை மரத்தோடு ஒட்டி இறுக்கிக்கொண்டு ஏறினார். வலது, வலது என்று உதடு முணுமுணுத்தது.

கடைசியில் ஒரு லாரிக்கு வலது கால் முந்திக்கொண்டது. அடுத்ததற்கும் அதுவே வந்தது.

அவர் கண்ணைத் திறந்தார்.

"பாத்தியா கோதை. பழகிடுச்சு."

திரும்பினார். பின்னால் யாரும் இல்லை.

பூங்கோதை தூரத்தில் கிணற்று மேடையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

"எப்ப இறங்கினே?"

"முதல் லாரிக்கே இறங்கிட்டேங்க."

தெய்வசிகாமணி தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகு எந்த வண்டி என்று அவர் சாமியம்மாவைக் கேட்கவில்லை.

தோளில் இருந்த கை போனது ஒரு மனிதனுக்குத் தெரியாமல் போகுமா? வெகுநாள் என் சந்தேகம் அதுதான். எனக்கும் ஐம்பது தாண்டியது. என் வீட்டையும் கொஞ்சம் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சந்தேகம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

போன மாதம் பூங்கோதை அம்மாளிடமே கேட்டேன்.

"அன்னைக்குச் சாமியம்மா கண் காட்டித்தான் இறங்கினீங்களா, இல்ல நீங்களாவே இறங்கினீங்களா?"