பூட்டுப் போட்டவர்

"டீச்சர், இந்தப் பூட்டை உடைச்சுக் குடுங்க."

சவரிமுத்து லேப்டாப்பைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். அடிமூடியை அவரே கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

லாரி வயரிங்கில் பழுத்த கை அவருடையது. இப்போது திருச்சி பாலக்கரையில் ஒரு மாடியில், தன்னைவிட இருபது வயது இளையவரான நூருல் ஹுதாவிடம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். வாய் நிறைய 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

"யாருக்கு வாங்குனீங்க?"

"மகளுக்கு. காலேஜ் திறக்கப் போகுது. பழைய சாமான் சந்தையில கிடைச்சுது."

"என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"உள்ள இருக்கிற சின்ன பேட்டரியைக் கழட்டுனேன். டிஸ்க்கை மாத்திப் பார்த்துட்டு, பழசையே திரும்பப் போட்டேன். நாள் பூரா கரண்டே இல்லாம போட்டு வச்சேன். திரும்ப ஆன் பண்ணா, முதல் வேலையா பாஸ்வேர்டுதான் கேக்குது. உசுரே இல்லாம கிடந்தது டீச்சர். எப்படி ஞாபகம் வச்சிருக்கு?"

டீச்சர் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து, போர்டின் ஒரு மூலைக்குமேல் நிறுத்தினார். துவரம்பருப்பு அளவில் ஒரு கறுப்புச் சிப்.

"இதுலதான்."

சவரிமுத்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இம்புட்டுக்காணா?"

"இம்புட்டுத்தான்."

"அழிக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப அழிச்சிருங்க. டிஸ்க்கையும் சுத்தமாத் துடைச்சிருவோம்."

"பூட்டுனது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

டீச்சர் லேப்டாப்பை நிமிர்த்தி ஆன் செய்து, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"படிங்க."

"பாஸ்வேர்டு போடுங்கிது."

"முழுசாப் படிங்க."

கட்டத்துக்குக் கீழே, திரையின் அடியில், மங்கலாக ஒரு வரி. எத்தனையோ தடவை பார்த்த திரைதான். அந்த வரியை அவர் படித்ததே இல்லை.

ஒரு பெயர். பூங்கோதை. பக்கத்தில் ஒரு போன் நம்பர்.

"டீச்சர்... கூப்பிட்டா இது கையை விட்டுப் போயிருமே."

டீச்சர் இழுப்பறையைத் திறந்து, சிப்பைக் கவ்விப் பிடித்து அழிக்கிற கிளிப்பை எடுத்தார். அதை மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் தன் போனை வைத்தார்.

பிறகு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

சவரிமுத்து கிளிப்பைத்தான் முதலில் எடுத்தார். இரண்டு விரலால் அழுத்தினால் வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. போர்டில் எந்த இடம் என்பதும் இப்போது தெரியும்.

திரையில் அந்தப் பெயர் அப்படியே நின்றது.

கிளிப்பைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"அம்மா, என் பேரு சவரிமுத்து. திருச்சியிலேர்ந்து பேசுறேன். ஒரு பழைய லேப்டாப் வாங்குனேன். அதுல உங்க பேரு இருக்கு."

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"அம்மா?"

"அந்த டிஸ்க்... டிஸ்க் அப்படியே இருக்கா?"

"இருக்கு. நான் எதையும் அழிக்கலை."

"ரயில்ல பையோட போயிருச்சு. தேடாத இடமில்லை. ஆன் பண்ணுங்க. பாஸ்வேர்டு சொல்றேன்."

"நான் யாரு என்னன்னு கேக்கவேயில்லையேம்மா?"

"பேரைச் சொன்னீங்களே."

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, சவரிமுத்து ஒவ்வொன்றாகத் தட்டினார். என்ன சொல் என்பது நமக்கு வேண்டாம். கடைசி எழுத்தைத் தட்டியதும் கட்டம் மறைந்தது. எதற்கும் அசையாமல் கிடந்தது, கதவு திறந்தாற்போல வெளிச்சமானது.

"அதுல 'சோலை'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். ஏதாவது ஒண்ணை மட்டும் போடுங்க. போனைப் பக்கத்துல வைங்க. தயவுசெஞ்சு."

போட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. இலைகளிலிருந்து பனி சொட்டும் சத்தம். எங்கோ ஓடைத் தண்ணீர். பிறகு யாரோ ஒரு பையன் போகிற போக்கில் சீட்டியடிப்பது போல ஒரு குரல் எழுந்தது, ராகம் தெரியாமல் ஏறி இறங்கி, நடுவில் எதையோ மறந்து, மறுபடி தொடங்கியது. அது முடியுமுன் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. பாலக்கரை பஸ் ஹாரன்களுக்கு மேலாக அந்த அறை முழுக்க ஒரு காடு விடிந்தது.

சவரிமுத்துவுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

"என்ன பறவைம்மா இது, மனுசன் மாதிரி சீட்டியடிக்குது?"

"சீகாரப் பூங்குருவி. விடியறதுக்கு முன்னாடியே போய் உக்காந்து பதிஞ்சது."

"எந்தக் காடு?"



"கொடைக்கானலுக்குப் பின்னாடி ஒரு சோலை. போன கோடையில தீப்பிடிச்சு எரிஞ்சிருச்சு. இப்ப அங்க ஒரு மரம் இல்லை."

சவரிமுத்து லேப்டாப்பைத் தொட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார்.

"நானே கொண்டாந்து தர்றேம்மா. நீங்க அலைய வேண்டாம்," என்றார். மகளிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்து போனது.

சீட்டி மறுபடி எழுந்தது.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். தொழப் போகிறவர்போல் காலிலிருந்த செருப்பைக் கழற்றி, வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து நின்றார்.

சவரிமுத்து குனிந்து தன் காலிலிருந்த செருப்பைப் பார்த்தார்.