சுக்கு முறுக்கும் பின்குறிப்பும்

கோட்டைமறிச்சானில் முட்டாள்களே கிடையாது. இருந்த மூன்று பேரும் சேர்ந்து ஒரு அச்சகம் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அதனால் தெருவெல்லாம் சுத்தமாக இருக்கிறது.

அச்சகத்தின் பெயர் மும்மணி. மூத்தவர் ஆவுடையப்பன் யோசிப்பார். அவர் தம்பி சுடலைமுத்து சந்தேகம் கேட்பார். ஆவுடையப்பனின் மச்சினன் மாசானம், அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்ததும் எழுந்து போய் அதைச் செய்துவிடுவார். ஆபத்து அந்த மூன்றாவது ஆளிடம்தான்.

ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு, "மாப்பிள்ளை பேரைக் கொட்டை எழுத்துல போடுங்க" என்று யாரோ சொல்லப்போக, புளியங்கொட்டையை வரிசையாக ஒட்டிக் கொடுத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. தபாலில் போனபோது பாதிக் கொட்டை உதிர்ந்து, மாப்பிள்ளை கந்தவேலு வெறும் வேலுவாகப் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இப்படிப்பட்டவர்களிடம்தான் என் வீட்டுக்காரர் நயினார் தன் புத்தகத்தைக் கொடுத்தார். ஊரில் வேறு அச்சகம் இல்லை. இவருக்கு வேறு புத்தியும் இல்லை.

புத்தகத்தின் விஷயம் சுக்கு முறுக்கு. அது பிறந்தது எங்கள் ஊரிலா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆத்தங்கரைவிளையிலா என்பது நெடுநாள் வழக்கு. பிறந்தது இங்கேதான் என்று இவர் எழுதிவிட்டார். வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆத்தங்கரைவிளை குற்றாலிங்கம் சார் எழுந்து, "ஆதாரம் எங்கே?" என்று கேட்டார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாம்பாரில் காய் குறைந்தால்கூட ஆதாரம் கேட்கிறவர். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"புத்தகம் வெளியாகுத அன்னைக்கு, மேடையிலேயே ஆதாரத்தைக் காட்டுதேன். காட்டலேன்னா அங்கேயே மீசையை எடுத்துருதேன்!"

கைதட்டல். கைதட்டியவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த மீசை எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்தது; வீட்டில் எனக்கு மூத்தது. அதன் கீழே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. இந்த வயதில் புதிதாக ஒரு மேலுதட்டோடு குடித்தனம் நடத்தும் உத்தேசமும் எனக்கு இல்லை.

ஆதாரம் எல்லாம் பின்குறிப்பில் இருந்தது. புத்தகத்துக்குள் ஒரு விஷயம் சொன்னால் அதன் தலையில் குட்டியாக ஒரு எண் போட வேண்டும். புத்தகம் முடிகிற இடத்தில் அதே எண்ணைப் போட்டு, இது இன்ன மடப்பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது, இன்னார் வாயால் சொன்னது என்று விவரம் தர வேண்டும். என் கான்வென்டில் சிஸ்டர்கள் இதைப் பள்ளிக்கூட வயதிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். புரியாதவர்களுக்கு ஸ்கேலால் புரியவைத்தார்கள். மும்மணி ஆட்களுக்கு அந்த பாக்கியம் கிடைக்கவில்லை.

இவர் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு, "ஆவுடை, பின்குறிப்புதான் இதுல உசுரு. ஒண்ணுகூட விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூவரும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

"அண்ணே, என்ன பின்னுன்னு சொல்லலையே," என்றாராம் சுடலைமுத்து. "குண்டூசியா, சேப்டி பின்னா?"

"உசுருன்னு சொல்லியிருக்காரு. உசுரைக் குண்டூசியில நிறுத்த முடியுமால? சேப்டி பின்னுதான்."

திருத்தம் பார்க்க வந்த கட்டைப் பார்த்தால், ஒவ்வொரு பக்கத்திலும் கொத்துக் கொத்தாகச் சேப்டி பின், ஒவ்வொரு பின்னிலும் ஒரு துண்டுக் குறிப்பு. இவர் ஆசையாக வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அப்புறம் நான்தான் ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து கழற்றினேன்.

"இனி நீங்க வாயைத் திறக்காதீங்க," என்று இவரிடம் சொல்லிவிட்டு, நானே அச்சகத்துக்குப் போனேன். வெளியூரில் ஆராய்ச்சி பண்ணுகிற என் மகள், அச்சுக் கோக்கிற மென்பொருள் ஒன்றை அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். பின்குறிப்பு போடும் விதத்தை எனக்கு போனில் சொல்லியும் இருந்தாள். கஷ்டமே இல்லை. நான் தெளிவாகச் சொன்னேன்.

"குறிப்பைத் தேடிக்கிட்டுப் பின்னால போக வேண்டாம். அது எந்த இடத்துக்கு உள்ளதோ, அங்கேயே அடிச்சிருங்க. அது தானாக் கடைசிப் பக்கத்துக்குப் போயிரும்."

"தானாவா மதினி?"

"தானாத்தான்."

மறுநாள் போனால் அச்சகத்தின் வாசல் கதவு, புறவாசல் கதவு, ஜன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடக்கிறது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்ன நடக்குது இங்கே?"

"உஸ்ஸ்," என்றார் ஆவுடையப்பன். "குறிப்பு அடிச்சாச்சு மதினி. இன்னும் கிளம்பல."

"நாங்க பாத்துக்கிட்டே இருந்தோம். அசையல," என்றார் சுடலைமுத்து. "ஆள் பாக்கும்போது போவக் கூச்சப்படுதோ என்னவோன்னு திரும்பி உக்காந்துட்டோம்."

"ஜன்னல் எதுக்கு?"

"எந்த வழியாப் போவும்னு நீங்க சொல்லலையே," என்றார் மாசானம்.

கோபப்படக்கூடாது என்று சிஸ்டர் மார்கரெட் சொல்லிக் கொடுத்ததை நினைத்துக்கொண்டேன். மகளுக்கு போன் போட்டேன். குறிப்பு வந்து சேர வேண்டிய இடத்தில் ஒரு கட்டளை கொடுக்க வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றாள். அதையும் இவர்களிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்து ஓடிவந்துவிட்டேன். அதுதான் தப்பு.

சாயங்காலம் தெருவே அதிர்ந்தது. போய்ப் பார்த்தால், ஆவுடையப்பன் தலைப்பாகை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து நிற்கிறார். கையில் கோயில் கொடை விழா ஒலிபெருக்கிக்காரரின் மைக்.

"குறிப்புகளே! இருக்குத இடத்தை விட்டு உடனே கடைசிப் பக்கத்துக்கு வந்து சேரணும்! இது என் கட்டளை!"

"கொஞ்சம் மரியாதையாச் சொல்லிப் பாருங்கத்தான்," என்றார் மாசானம். "படிச்ச குறிப்பு."

"கட்டளையில மரியாதை வந்தா அது வேண்டுகோள் ஆயிருமே மாப்ளே," என்றார் ஆவுடையப்பன். அதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கட்டளையை நானே விசைப்பலகையில் அடித்தேன். குறிப்புகள் எல்லாம் ஒழுங்காகக் கடைசிப் பக்கத்தில் வந்து வரிசையாக நின்றன. மூன்று பேரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"மதினிக்குத்தான் பயப்படுது," என்றார் சுடலைமுத்து.

ஆனால் பக்கங்களுக்குள் எண் இன்னும் பெரிதாக, வார்த்தைக்குப் பக்கத்தில் வார்த்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. 'சுக்கு 4 முறுக்கு' என்று படித்தால் யாரோ கடையில் வாங்கச் சொன்ன மாதிரி இருந்தது. "எண்ணை மேல போடுங்க. சின்னதாப் போட்டாப் போதும்" என்று காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் சொன்னது ஒன்று, இரண்டு, மூன்று என்கிற எண். அவர்கள் காதில் விழுந்தது செக்கில் ஆட்டுகிற எண்ணெய்.

இந்தத் தடவை அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லையாம். முறுக்குப் புத்தகம் எண்ணெய் கேட்பது நியாயம்தானே? நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா என்பதில் மட்டும் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது.

"வரலாறுன்னா பழசு. அந்தக் காலத்துல நல்லெண்ணெய்தான்," என்றாராம் ஆவுடையப்பன்.

"நல்லெண்ணெய்ல சுட்டா முறுக்கு கசக்கும் அண்ணே."

"நாம முறுக்கையா சுடுதோம்? புத்தகத்தைத்தானே."

மாசானம் பஞ்சில் தொட்டு, ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே பொட்டு வைத்த மாதிரி எண்ணெய் வைத்து முடித்திருந்தார். சின்னதாகத்தான் வைத்திருந்தார், அதைக் குறை சொல்ல முடியாது. கட்டைக் கையில் வாங்கிய இவர், "வாசனை நல்லாத்தான் இருக்கு" என்றார். இப்படி ஒரு மனிதருக்காகத்தான் நான் அலைந்துகொண்டிருந்தேன்.

அதற்குள் வெளியீட்டு விழா நெருங்கிவிட்டது. ஆத்தங்கரைவிளையில் இருந்து ஒரு வேன் நிறைய ஆள் வருவதாகத் தகவல். முடிதிருத்துகிற பேச்சிமுத்துவைக் குற்றாலிங்கம் சாரே சொல்லி வைத்துவிட்டாராம். இவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார், வெளியூர் போகிற பிள்ளையைத் தடவுகிற மாதிரி.

நான் அச்சகத்தில் போய் உட்கார்ந்தேன். எண்களை நானே மேலே ஏற்றினேன். எல்லாப் பக்கத்தையும் நானே அச்சில் ஓடவிட்டேன். மிச்சம் இருந்தது பைண்டிங் மட்டும்தான். அதில் என்ன கெடுத்துவிட முடியும்? ஆனாலும் கிளம்பும்போது, குறிப்புப் பக்கங்களை முன்னுரைக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்துவிடப்போகிறார்களே என்று பயம் வந்து, விரலை ஆட்டிச் சொன்னேன்.

"குறிப்பு கடைசியிலதான் வரணும். தெரியுதா? கடைசியில! அதுக்கு முன்னால எங்கேயாவது வந்துச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"கடைசியிலதான் மதினி," என்று மூன்று பேரும் சத்தியம் பண்ணினார்கள்.

விழா அன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. புத்தகக் கட்டைப் பிரித்தார்கள். நல்ல அட்டை, நல்ல தாள், மீசையோடு இவர் படம். குற்றாலிங்கம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எண்ணில் விரலை வைத்தார். பிறகு புத்தகத்தின் முடிவுக்குப் போனார். அங்கே 'சுபம்' என்று போட்டிருந்தது. அதற்கு அப்புறம் அட்டை.

"நம்பர் இருக்கு. குறிப்பு எங்கே வே?"

இவர் என்னைப் பார்த்தார். நான் மும்மணி ஆட்களைத் தேடினேன். ஒருவரையும் காணோம். மேடையில் பேச்சிமுத்து பெட்டியைத் திறந்து, இவர் கழுத்தில் துண்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். இவரும் வாக்குத் தவறாத மனிதராக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

புறவாசல் வழியாக ஓடினேன். மண்டபத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டு மடியில். எல்லாம் குறிப்பு. தனியாகத் தைத்து, தனியாக அட்டை போட்டு, அழகாக வைத்திருந்தார்கள்.

"அடப் பாவிகளா! உள்ளே மீசை போகுது! எழுந்து வாங்க!"

ஆவுடையப்பன் அசையவில்லை. "எங்களைச் சோதிக்காதிய மதினி. கடைசியிலதான் வரணும்னு நீங்கதான் சொன்னிய."

"இதுதான் கடைசி!"

"இல்லையே," என்றார் சுடலைமுத்து, மடியிலிருந்து அழைப்பிதழை எடுத்து. "நாங்கதானே அடிச்சோம். வரவேற்புரை, தலைமையுரை, அப்புறம் வாழ்த்துரை. கடைசியில நன்றியுரைன்னு போட்டிருக்கு. அது முடியட்டும், வாரோம்."

"அதுக்கு முன்னால வந்தா நீங்க மனுஷியா இருக்க மாட்டேன்னு சொல்லியிருக்கிய," என்றார் மாசானம். "அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்."

வாதாட நேரமில்லை. திரும்பி ஓடி மேடையில் ஏறினேன். சோப்பு நுரை போட்டு முடித்து, கத்தி வலது பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வாழ்த்துரை வாசித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்பதை மரியாதைக்குச் சொல்கிறேன்.

"தலைமை தாங்கினவருக்கு நன்றி, வாழ்த்தினவருக்கு நன்றி, வாழ்த்த இருந்தவங்களுக்கும் நன்றி, பந்தல், மைக், மாலை எல்லாருக்கும் நன்றி, ஆத்தங்கரைவிளைக்காரங்களுக்கு ரொம்ப நன்றி..."

கத்தி நிற்கவில்லை. மூக்குக்குக் கீழே வரைக்கும் வந்துவிட்டது.

"...சிரமம் பார்க்காமல் வருகை தந்திருக்கும் முடிதிருத்தும் கலைஞர் உயர்திரு பேச்சிமுத்து அவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி!"

பேச்சிமுத்துவை அதுவரை யாரும் மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து சபையைப் பார்த்துக் கைகூப்பினார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"இத்துடன் விழா இனிதே நிறைவடைகிறது!"

புறவாசல் கதவு திறந்தது. மும்மணி ஆட்கள் வரிசையாக, முளைப்பாரி கொண்டுவருகிற பவ்யத்தோடு குறிப்புகளைச் சுமந்து வந்தார்கள்.

குற்றாலிங்கம் சார் ஒவ்வொரு எண்ணாக எடுத்து, புத்தகத்தையும் குறிப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆதாரம் சரியா இருக்கு. சுக்கு முறுக்கு கோட்டைமறிச்சானுக்குத்தான். மீசையை எடுக்க வேண்டாம்."

விசில் பறந்தது. நுரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், இடது பக்கம் மீசை கம்பீரமாக இருக்கிறது. வலது பக்கம் வெறும் உதடு. நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பாதியோடு அதற்கு ஒட்டுறவே இல்லை.

"இப்ப இதை என்னவே பண்ணுதது?" என்று இவர் பரிதாபமாகக் கேட்டார்.

மூன்று பேரும் மேடை ஓரமாகக் கூடிப் பேசினார்கள்.

"விட்டுப்போனதை உள்ளேயே திணிச்சா அசிங்கமா இருக்கும்," என்றார் சுடலைமுத்து.

"ஆமா. அதுக்கு ஒரு முறை இருக்குல்லா," என்றார் ஆவுடையப்பன். "மாப்ளே, மதினி சொல்லிக் கொடுத்த மாதிரியே செஞ்சிரு."

மாசானம் பால்பாயின்ட் பேனாவை எடுத்தார். இவரது வெறும் உதட்டுக்கு மேலே, ஓரமாக, சின்னதாக '1' என்று போட்டார். பிறகு துண்டில் கிடந்த முடியைக் கூட்டி ஒரு தாளில் மடித்து, இவருக்குப் பின்னால் போய்ச் சட்டைக் காலரில் ஒட்டினார். தாளின் மேல் எழுதியிருந்தது: '1. மீசை, வலது பாதி.'

குற்றாலிங்கம் சார் மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முன்னால் வந்து எண்ணைப் பார்த்தார். பின்னால் போய்க் குறிப்பைப் படித்தார்.

"குறிப்பு சரி," என்றார். "பக்க நம்பர் எங்கே? அதைப் போடலையே?"

"போடலையா?" என்று பதறிப்போய், இவர் அதைப் பார்க்கத் திரும்பினார். குறிப்பும் கூடவே திரும்பியது. சரிபார்க்க வேண்டுமே என்று குற்றாலிங்கம் சாரும் அதன் பின்னாலேயே போனார். பேனாவோடு மாசானம் அவர் பின்னால் போனார். நான் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் சாதம் முடித்து, ரசத்துக்குக் கை காட்டியபோதும் மேடையில் மூன்று பேரும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆவுடையப்பன் மட்டும் கீழே நின்று மைக்கைப் பிடித்து, குறிப்பை ஒரு இடத்தில் நிற்கும்படி கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார்.