இசக்கியம்மாளும் தலைகீழ் மரமும்

ஒரு ஊர்ல ஒரு காலேஜ். அங்க இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சா. வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனியெல்லாம் அவளை வேண்டாம்னுட்டுப் போயாச்சு. அன்னிக்கு வந்தது கடைசிக் கம்பெனி. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான். எங்க, ம் கொட்டு. தூங்கிட்டியா?

அப்புறம், கேள்வி கேக்க எஸ்தர் மேடம்னு ஒருத்தங்க வந்து உட்கார்ந்தாங்க. சிரிப்புன்னா என்ன விலைன்னு கேக்குற முகம். "தலைகீழா ஒரு மரம். உச்சியில தாத்தா. யாருக்கும் ரெண்டு பிள்ளைக்கு மேல கிடையாது. தாத்தா ஒரு வரி, பிள்ளைங்க அடுத்த வரி, பேரப்பிள்ளைங்க அதுக்கடுத்த வரி. இப்படி எல்லார் பேரையும் கம்ப்யூட்டர் எழுதணும்"னாங்க.

இசக்கி டக்கு டக்குன்னு தட்டினா. அவ போட்ட வழி இடது பக்கமாவே சர்ருன்னு இறங்கி அடியில போய் நின்னுச்சு. தாத்தா, மூத்த மகன், உடனே அவர் பிள்ளைங்க. தம்பிக்காரர் எங்கன்னு பார்த்தா, அண்ணன் பிள்ளைங்களுக்கும் பின்னாடி நிக்கிறார்! "ம்ஹூம்"னாங்க மேடம்.

அப்போ அவ மரத்துல இருக்கிற ஆளுங்களை வரிசையில நிறுத்தினா. முன்னாடி நிக்கிறவர் பேரை எழுதி அனுப்பிட்டு, அவர் பிள்ளைங்களைக் கடைசியில சேர்த்தா. முறை சரிதான், ஆனா எல்லார் பேரும் ஒரே வரியில மொத்தமா வந்து விழுந்துச்சு. "ம்ஹூம்."

அப்போ கல்யாணப் பந்தி ஞாபகம் வந்துச்சு அவளுக்கு. உட்கார்ந்தவங்க எழுந்திரிக்கிற வரைக்கும் பின்னாடி வந்தவங்க நிக்கத்தானே வேணும்? வரிசையில இப்போ எத்தனை பேர்னு முதல்ல எண்ணிக்கிட்டா. அத்தனை பேரும் முடிஞ்சாத்தான் அடுத்த வரி. டக்கு டக்கு... தாத்தா தனியா, பிள்ளைங்க தனியா, பேரப்பிள்ளைங்க தனியா. அட!

மேடம் விட்டாங்களா? "மரத்துல யாருமே இல்லேன்னா?"ன்னு காலி மரத்தைக் கொடுத்தாங்க. தடால்! எழுதினதெல்லாம் கவுந்துடுச்சு. இசக்கிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "ஆளே வரலைன்னா பந்தி எதுக்கு மேடம், சும்மா திரும்பிட வேண்டியதுதான்"னு சொல்லி, தான் எழுதினதுக்கு மேல ஒரே ஒரு வரி சேர்த்தா. இப்போ கவிழலை. மேடம் எழுந்து போயிட்டாங்க.

சாயங்காலம் வேலை கிடைச்சவங்க பேரைப் படிச்சாங்க. தன் பேரைக் கேட்டும் இசக்கி அசையலை. பக்கத்துல இருந்தவ நறுக்குன்னு கிள்ளினா. "ஆ! நான்தான், நான்தான்!"னு செருப்பைக்கூட விட்டுட்டு ஓடினா.

அவ்வளவுதான் கதை. உன் ம்மும் நின்னுபோச்சு, தூங்கு.